தையல் பார்த்து ஆஸ்பத்திரி தேடிய நான்கு மாதம்

முருகன் துணை.

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. நேரம் இல்லாமல் இல்லை. நோய் வந்த இடம் அப்படி. கையிலோ காலிலோ வந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். நெஞ்சு வலி வந்தவர்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அதைப் பெருமையாகச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்ததோ தொடையும் அடிவயிறும் சேருகிற இடத்தில். சம்பந்தி வீட்டில் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தே மூன்று வருஷம் போனது. மீதி மூன்று வருஷம் என் சம்சாரம் சரசுவுக்காகப் போனது. “எழுதறதுன்னா எழுதுங்க. என்னைய அதுல கோமாளி ஆக்கினீங்கன்னா அப்புறம் சோத்துக்கு ஓட்டலுக்குத்தான் போகோணும்” என்று சொல்லியிருந்தாள். இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சரசு வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பீஸைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, நூல் தொங்குகிறதா, சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவது அவள் வேலை. இருபது வருஷமாகப் பார்க்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பின பீஸ் கப்பல் ஏறினதில்லை.

துணி ரோலைத் தோளில் தூக்கி மேசையில் போடுவது எனக்குப் பழக்கம். ஒருநாள் அப்படித் தூக்கும்போது அந்த இடத்தில் சுருக்கென்றது. குளிக்கும்போது பார்த்தால் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்தால் வந்துவிடும். இருமினால் எட்டிப் பார்க்கும். யாரிடமும் சொல்லவில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தேன். “மாஸ்டர் இப்பெல்லாம் பாக்கெட்ல கைய உட்டுட்டு ஸ்டைலா நிக்கறாருப்பா” என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். நானும் அது ஸ்டைல்தான் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு உபாயம் செய்தேன். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி இருக்கிறதே, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும். அதில் மிச்சம் விழுந்ததை வெட்டி இடுப்புக்கு ஒரு பெல்ட் தைத்துக்கொண்டேன். வருஷம் ஒன்றரை அந்தப் பெல்ட்டில் ஓடியது. சரசு தூங்கின பிறகு துவைத்து, விடிவதற்குள் எடுத்துவிடுவேன். ஒருநாள் எடுக்க மறந்தேன்.

சரசு அதைக் கொடியிலிருந்து எடுத்து, இழுத்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, என்னிடம் கொண்டு வந்தாள்.

“ஏனுங்க, இது என்ன பீஸ்? கழுத்துமில்ல, கையுமில்ல.”

“சும்மா, வேஸ்ட் துணி.”

“வேஸ்ட் துணிக்கு எதுக்கு ரெண்டு பக்கமும் மடிச்சுத் தச்சிருக்குது?”

செக்கிங்காரியிடம் பொய் சொல்ல முடியாது. சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் வீதி டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

அவர் என்னை இருமச் சொன்னார். இருமினேன். எட்டிப் பார்த்தது. “இதுக்குப் பேரு ஹெர்னியா. தமிழ்ல குடலிறக்கம்” என்றார். வயிற்றுக்கு முன்னால் சதை ஒரு துணி மாதிரி இருக்கிறதாம். அதில் ஒரு இடம் இற்றுப் போனால் உள்ளே இருக்கிற குடல் அந்த ஓட்டை வழியாக வெளியே பிதுங்குமாம். மாத்திரையில் சரியாகாதாம். ஓட்டையை அடைத்து, மேலே ஒரு வலை வைத்துத் தைக்க வேண்டுமாம். “மெஷ்னு சொல்லுவோம்” என்றார்.

மெஷ் என்றதும் சரசு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எங்கள் ஊரில் மெஷ் என்றால் விளையாட்டுப் பனியனுக்குப் போடுகிற, வலை மாதிரி ஓட்டை விட்ட துணி.

“என்ன நூலுங்க டாக்டர்?”

“ஒருவகை பிளாஸ்டிக் நூல்மா. பின்னினதுதான்.”

“எத்தனை ஜிஎஸ்எம் வருமுங்க?”

ஜிஎஸ்எம் என்பது துணியின் கனத்துக்கு நாங்கள் சொல்கிற கணக்கு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தேன்.

“உள்ள போனதுக்கப்புறம் சுருங்குமுங்களா? நனைஞ்சே கெடக்குமல்லங்க?”

“அம்மா, அதெல்லாம் ஆபரேஷன் பண்றவங்க பாத்துக்குவாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. வீக்கம் படுத்தாலும் உள்ள போகலீன்னா, கல்லு மாதிரி ஆயிருச்சுன்னா, வாந்தி வந்துச்சுன்னா, குடல் அந்த ஓட்டையில மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். ரத்த ஓட்டம் நின்னு போயிரும். அப்ப யோசிக்கக் கூடாது. பக்கத்துல எது இருக்குதோ அங்க ஓடோணும். உசுருக்கே ஆபத்து.”

எங்களிடம் அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “இதுல பட்டியல் இருக்குது. அதுல இருக்கற எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போகலாம். உங்க இஷ்டம்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நாங்கள் கெட்டோம். உங்க இஷ்டம் என்று எங்களை யாரும் அதுவரை கேட்டதில்லை. நான் எந்தக் கம்பெனிக்குப் போவது என்று மாமன் சொன்னார். எந்தப் பெண் என்று அப்பா சொன்னார். எந்த வீடு என்று புரோக்கர் சொன்னார். இப்போது ஒரு பட்டியல் நிறைய ஆஸ்பத்திரி, எது வேண்டும் என்று கேட்கிறது. தீபாவளிக்குத் துணிக்கடைக்குள் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

முதலில் நான் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கம் எதற்கும் சாமியிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம். ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டேன். வெள்ளை வந்தது. அப்படியே எந்த ஆஸ்பத்திரி என்றும் கேட்கலாம் என்று பட்டியலை எடுத்தேன். சரசு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பண்ணலாமா வேண்டாமான்னு சாமி சொல்லட்டும். எங்க பண்றதுன்னு நான் பாத்துக்கறேன். இத்தனை பேரையும் பொட்டலம் கட்டறதுக்குப் பூவுக்கு எங்க போறது?”

அவள் தம்பி தங்கராசு வந்தான். லோடு வேன் ஓட்டுகிறவன். அவனுக்கு எல்லா ஆஸ்பத்திரியும் தெரியும், வாசல் வரைக்கும். “மாமா, பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கறதுக்குப் போங்க. கேண்டீன்ல பொங்கல் அருமையா இருக்கும். லிப்ட்ல பாட்டுப் போடறாங்க.”

“பொங்கல் திங்கறக்கா மாமனைப் படுக்க வெக்கறோம்?” என்றாள் சரசு. “பாரு தங்கராசு, நம்மூர்ல எந்த வெள்ளைக்காரனாவது சாம்பிள் பாக்காம ஆர்டர் குடுக்கறானா? நானும் சாம்பிள் பாக்காம உங்க மாமனைக் குடுக்க மாட்டேன்.”

சாம்பிள் என்று அவள் சொன்னது, அந்தந்த ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருக்கிற மனுஷர்களை. அவர்கள் தையலை, பிரித்திருந்தால் அதன் தழும்பைப் பார்த்தால் ஆஸ்பத்திரி எப்படி என்று தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு. தைக்கத் தெரிந்த எந்தக் குடும்பத்திலும் அது நியாயமாகத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். கூட வேலை பார்க்கிறவர்களிடம் விசாரித்து, யார் யாருக்கு எங்கே ஆபரேஷன் ஆனது என்று சரசு ஒரு நோட்டில் எழுதியிருந்தாள். பெண்கள் என்றால் அவளே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். “ஒண்ணும் சரியில்லீங்க. ஒரு பக்கம் இழுத்துப் பிடிச்சுத் தச்சிருக்கறாங்க. சுருக்கம்.” அந்த ஆஸ்பத்திரி ரிஜெக்ட். ஒரு அம்மா கோபித்துக்கொண்டு, “எனக்குப் பித்தப்பையில கல்லு எடுத்து உசுரு பொழச்சு வந்திருக்கறேன். நீ சுருக்கங்கறே?” என்று கேட்டது. “இல்லீங்கக்கா, உங்களைச் சொல்லலீங்க, தச்சவங்களைத்தான்” என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தோம்.

ஆண்கள் என்றால் நான் போக வேண்டும். என் கையில் அவள் இன்ச் டேப்பைக் கொடுத்து அனுப்புவாள். ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா, கடைசியில் முடிச்சு எப்படி. இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு மனுஷனின் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து நான் சொல்ல வேண்டும். என் நிலைமையைப் பழனி முருகன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது மாதம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கிடைத்தார். தையல் என்றால் அது தையல். மெலிசாக, நேராக, அளந்து வைத்த மாதிரி. நான் வெளியே வந்து சொன்னதும் சரசு முகம் மலர்ந்துவிட்டது. “அப்ரூவல்!” என்றாள். அந்த ஆஸ்பத்திரி பேர் பட்டியலில் இருந்தது. நல்ல நாள் பார்த்து, மஞ்சள் துணியில் சாமிக்குக் காணிக்கை முடிந்து வைத்து, துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டு போய் இறங்கினோம்.

காப்பீட்டு அட்டைக்கென்று தனியாக ஒரு மேசை. அதில் ஒரு பொண்ணு. அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டியது.

“அய்யாவுக்கு எந்தக் கால்லீங்க எலும்பு?”

“எலும்பு இல்லீங் கண்ணு. ஹெர்னியா.”

“இங்க இந்த அட்டைக்கு எலும்பு ஆபரேஷன் மட்டுந்தானுங்க. பட்டியல்லயே ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல எந்த நோய்க்குன்னு போட்டிருக்குமுங்களே.”

போட்டிருந்தது. சின்ன எழுத்தில். நாங்கள் பேரை மட்டும்தான் படித்திருந்தோம். வாத்தியார் தன் சொந்தக் காசில் செய்துகொண்டவர். அதை நாங்கள் கேட்கவே இல்லை. தையலைத்தானே பார்த்தோம்.

சரசு விடவில்லை. “எங்களுக்கு இதே தையல்தான் வேணும் கண்ணு.”

“தையலுக்குத் தனியா அட்டை இல்லீங்கம்மா” என்றது அந்தப் பொண்ணு. சிரிக்காமல் சொன்னதுதான் அதன் நல்ல குணம். “உங்க நோய்க்கு எங்கெங்க பாக்கறாங்கன்னு நான் வேணும்னா குறிச்சுத் தர்றனுங்க” என்று, பேனாவால் ஐந்து இடத்தில் டிக் போட்டும் கொடுத்தது. முதல் டிக் அரசு ஆஸ்பத்திரி.

சரசு அதை மட்டும் தள்ளிவிட்டாள். “அங்க திருவிழாக் கூட்டமா இருக்கும். அவசரத்துல தைப்பாங்க. பீஸுக்கு இத்தனைன்னு கூலிக்குத் தைக்கற மாதிரி.” மீதி நாலுக்கும் மறுபடியும் சாம்பிள் தேட ஆரம்பித்தோம். அதற்குள் எலுமிச்சம்பழம் கொய்யாக்காய் ஆகியிருந்தது. படுத்தால் உள்ளே போக அரைமணி நேரம் ஆனது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை. இவ்வளவு சிரத்தையாகத் தேடுகிறவளை அவசரப்படுத்த எனக்கு மனசில்லை. இதைத் தப்பு என்று இப்போது எழுதுகிறேன்.

நாலாவது மாதம் ஒரு ஞாயிறு, பகல் பதினோரு மணி. நாச்சிமுத்து அண்ணன் என்று டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர்டு ஆனவர். எனக்கு வந்த அதே நோய், டிக் போட்ட ஆஸ்பத்திரி. இதைவிட நல்ல சாம்பிள் கிடைக்காது. சரசுவும் அவர் மருமகளும் முன் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, அண்ணன் வேட்டியைத் தளர்த்திவிட்டு நின்றார்.

“சீக்கரம் பாருங்க தம்பி. நாப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கறேன், ஒருத்தருக்கும் காட்டுனதில்ல.”

நான் குனிந்து டேப்பை வைத்தேன். ஒரு இன்ச்சுக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது தும்மல் வந்தது. தும்மினேன்.

உள்ளே யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி ஒரு வலி. நிமிர முடியவில்லை. கையை வைத்துப் பார்த்தால் கல். அழுத்தினால் அசையவில்லை. அப்படியே அண்ணன் கட்டிலில் சாய்ந்தேன். படுத்தும் போகவில்லை. வாந்தி வந்தது. இன்ச் டேப் என் கையில், அண்ணன் வேட்டி அவர் கையில். சத்தம் கேட்டு சரசு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பார்த்தது இதைத்தான்.

அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஆனால் கை பழக்கத்துக்குப் பட்டியலை எடுத்துவிட்டது. “நாலுல எது… இந்த அண்ணனுக்குத் தையல் எப்படீங்க இருந்துச்சு?” என்று என்னிடம் கேட்டாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, வாய் தையலைக் கேட்கிறது.

நாச்சிமுத்து அண்ணன் வேட்டியை முடிந்துகொண்டு கத்தினார். “ஏம்மா, உம்புருஷன் என்ன எக்ஸ்போர்ட் பீஸா? பொழைக்கட்டும்மா மொதல்ல! பக்கத்துல பெரியாஸ்பத்திரிதான் இருக்குது. எடுறா வண்டிய!” அவர் மகன் ஆட்டோ ஓட்டுகிறவர். பத்து நிமிஷத்தில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. திருவிழாக் கூட்டம்தான். ஆனால் அந்த வீக்கத்தை ஒரு நர்ஸ் தொட்டுப் பார்த்ததும் கூட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை. தள்ளுவண்டி வந்தது. சர்ஜன் ஒரு சின்ன வயசுப் பெண், பேச்சில் தெற்கத்திச் சீமை. நான் வெட்கத்தில் இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

“அய்யா, கைய எடுங்க. காலைலேர்ந்து எட்டுப் பேருக்குப் பாத்துட்டேன். எப்ப மாட்டுச்சு?”

“பதினோரு மணிக்குங்க. தும்முனப்பங்க.”

“எங்க இருந்தீக அப்ப?”

உண்மையைச் சொல்ல நாக்கு வரவில்லை. “சொந்தக்காரர் ஊட்டுலீங்க” என்றேன். முருகன் மன்னிக்க வேண்டும்.

அட்டையை எங்கே கொடுப்பது என்று சரசு வெளியே பதறிக்கொண்டிருந்தாளாம். அவசரம் என்றால் முதலில் ஆபரேஷன், அட்டை வேலையெல்லாம் பின்னால் போனிலேயே அனுமதி வாங்கிக்கொள்வோம் என்று அங்கே இருந்தவர் சொல்லி அவளை உட்கார வைத்திருக்கிறார்.

முதுகுத் தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், முழிப்பு இருக்கும். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. நான் “முருகா முருகா” என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னங்கம்மா ஆச்சு?” என்று கேட்டேன்.

“குடலு கறுத்திருக்கு அய்யா. மாட்டினத விடுவிச்சாச்சு. வெந்நீர்த் துணி போட்டிருக்கேன். நிறம் திரும்புதான்னு பாக்கோம். திரும்பலேன்னா அந்த இடத்த வெட்டி எடுக்கணும்.”

எனக்கு முப்பது வருஷமாகச் சாயப்பட்டறைப் பழக்கம். நாங்கள் கேட்ட கலர் வருமா வராதா என்று பட்டறை வாசலில் காத்து நின்றிருக்கிறேன். கலர் வராத துணியை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஐந்து நிமிஷம் நான் சாமியிடம் வேறெதுவும் கேட்கவில்லை. பேத்தி பேரைக்கூடச் சொல்லவில்லை. “முருகா, கலர் குடு. முருகா, கலர் குடு” என்று மட்டும் கேட்டேன். தலைமாட்டில் இருந்த மயக்க டாக்டர், “பெரியவரே, வயித்த எக்காதீங்க, மெதுவாக் கும்பிடுங்க” என்றார்.

அப்புறம் அந்தம்மா குரல் கேட்டது. “ஆங், வருது பாருங்க. நல்லா சிவந்திருச்சு.” அப்படியே என் பக்கம், “அய்யா, இன்னும் ரெண்டு மணி நேரம் தாமசிச்சிருந்தீகன்னா இத நான் சொல்லியிருக்க மாட்டேன்” என்றது.

நான் அழுதேன். பச்சைத் துணி மறைத்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

வார்டில் ஆறு நாள். ஆபரேஷனுக்கப்புறம் குடல் வேலை செய்ய ஆரம்பித்ததா என்று தெரிய ஒரே அடையாளம் காற்றுப் பிரிவதுதானாம். அதுவரைக்கும் சோறு கிடையாது. காலையிலும் மாலையிலும் டாக்டரம்மா நுழைந்ததும், “அய்யா, காத்துப் பிரிஞ்சுதா?” என்று வார்டு முழுக்கக் காதில் விழும்படி கேட்கும். இல்லை என்பேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பீகார்ப் பையன், கையில் கட்டுப் போட்டவன், அவனும் தமிழில் “காத்து வந்துச்சா அண்ணா?” என்பான். இரண்டாம் நாள் நான் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரிந்தது. கை தட்டினார்கள். சரசு வீட்டுக்கு ஓடி ரசம் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் என் தையலை மட்டும் அவள் பார்க்கவில்லை. நர்ஸ் கட்டைப் பிரித்து மருந்து போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இருபது வருஷம் தையல் பார்த்த கண். மூன்றாம் நாள் நானே, “பாரு புள்ள” என்றேன். கிட்டே வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எப்படி இருக்குது?”

“எனக்குத் தெரியலீங்க” என்றாள். “தையலு வெளிய. கலரு உள்ளயல்ல இருந்துச்சு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டுக் கழுவப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து அண்ணன் இளநீரோடு பார்க்க வந்தார். “இத்தனை பண்ணியும் என் தையலு எப்படீன்னு சொல்லாமயே வந்துட்டீங்களே தம்பி” என்றார். சிரிக்கக் கூடாது, தையல் விட்டுப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

நல்லபடியாக வீடு வந்து, அடுத்த தையில் பழனிக்கு நடந்தே போனேன். போகிற வழியில் எங்கள் பாதயாத்திரைக் குழுவில் எல்லோருக்கும் கதையைச் சொன்னேன். அவர்கள் தங்கள் வீட்டில் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லக் கதை மரியாதையானது. பெண்கள் காதில் விழுமே என்று ஒருவர் நோய் வந்த இடத்தை மாற்றினார். சரசுவுக்குக் குறைச்சல் என்று ஒருவர் நான்கு மாதத்தை நான்கு நாள் ஆக்கினார். முருகனே பெண் டாக்டராக வந்தான் என்றுகூட ஒருவர் சொன்னார்.

இந்த வருஷம் எங்கள் குழுவில் சுப்பிரமணி வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார்கள். நானும் சரசுவும் போனோம். அவனுக்கும் அதேதான். இரண்டு வருஷமாக வீக்கம். மாட்டிக்கொண்ட பிறகும் இரண்டு நாள் கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறான். ஒரு முழம் குடலை வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது, சாமி புண்ணியம்.

“ஏஞ் சாமி, எங்கதை உனக்குத் தெரியுமல்ல?” என்று கேட்டேன்.

“தெரியுங்க மாமா” என்றான் மெதுவாக. “ஆனா உங்களுக்கு நெஞ்சுக்குக் கீழ, மேல் வயித்துலன்னல்லங்க சொன்னாங்க. எனக்கு வந்தது அங்க இல்லீங்களே.”

சரசு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது, “நீங்களே எழுதிருங்க. நான் கோமாளியாவே இருந்துட்டுப் போறேன்” என்றாள்.

எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குக் கொடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். எங்கள் முட்டாள்தனத்தைக் குறைக்க வேண்டாம். பட்டியலில் சின்ன எழுத்தில் இருப்பதை விட்டுவிட வேண்டாம். கூட்டத்தில் வாசிக்கும்போது பெண்கள் இருக்கிறார்கள், பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று வயிறு, இடுப்பு என்று பூசி மெழுக வேண்டாம். ஆறு வருஷமாக நானும் எழுதக் கூசின வார்த்தையை இப்போது எழுதுகிறேன், அப்படியே சத்தமாக வாசியுங்கள்: கவட்டை. எனக்கு வந்தது கவட்டையில்.